தானாகத் திறக்கும் ஐந்தாவது பக்கம்

அத்தியாயம் 3

ஷட்டரின் பூட்டில் சாவி இரண்டு தடவை வழுக்கியது. மருந்துக்கடைக்காரர் மூன்றாவது தடவை முயன்றார். ஊசி பார்த்துக்கொண்டு நின்றாள், உதவப் போகவில்லை. சொந்தக் கடைப் பூட்டில் இன்னொருவர் கை வைப்பதை விரும்பும் ஆள் மாதிரி அவர் தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில என் சம்சாரத்துக்கு ஆபரேஷன்," என்றார் அவர், ஷட்டரைத் தூக்கியபடி. "இருதயம். பொண்ணைக் கண்ணால பாக்காம கையெழுத்துப் போடமாட்டேன்னு படுத்திருக்கா. டாக்டர் நேத்தே கோவிச்சுக்கிட்டார்."

"பொண்ணு எப்ப சார் போச்சு?" என்று கேட்டான் மூட்டை.

"மழைக்கு முன்னாடி."

"மழை பெய்ஞ்சு, நின்னு, ரோடே காஞ்சுபோச்சே சார்."

அவர் உள்ளே போனார். ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஊசி என்பது அவளுடைய பெயர் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தபோது மற்றவர்கள் வைத்தது. உடம்பும் அப்படித்தான், வேலையும் அப்படித்தான். அந்த வேலையை விட்டுத் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தபோது பெயரும் கூடவே வந்தது. கம்பெனிக் காரை ஓட்டிக்கொண்டிருந்த மூட்டையும் வந்தான். உடம்பு மூட்டை, மூளையும் மூட்டை, அவிழ்த்தால் என்ன கொட்டும் என்று தனக்கே தெரியாது என்பான்.

முந்தைய நாள் மருந்துக்கடைக்காரர் அவர்கள் அலுவலகத்துக்கு வந்து சொன்னது இவ்வளவுதான். ஒரே மகள். மருந்தியல் படித்துக் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள். அவளுக்குப் படகு என்ஜின்மேல் ஆசை. சண்டை வந்தது. போனால் போன் கீன் பண்ணாதே, உன் குரலே என் காதில் விழக்கூடாது என்றார் இவர். அவள் போனாள். பழைய நம்பர் செத்துவிட்டது. வீட்டுக்கு இருக்கும் ஒரே போன் இவர் சட்டைப் பையில். வயது வந்த பெண், தானாகப் போயிருக்கிறாள் என்று போலீஸில் கைவிரித்துவிட்டார்கள். கிளம்பிய அன்று அவள் கடைசியாகத் தொட்ட பொருள், கடையில் பில் போடும் கம்ப்யூட்டர்.

அது கண்ணாடி அலமாரிக்குப் பின்னால், இன்சுலின் வைக்கும் சின்ன ஃபிரிட்ஜை ஒட்டி இருந்தது. மருந்துக்கடைக்காரர் அதன்மேல் போர்த்தியிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்தார்.

"இதுல ஒண்ணும் கிடைக்காது மேடம். மிஷின் மெதுவா ஓடுதுன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவன் பழசையெல்லாம் அழிச்சுட்டான்."

"எதை அழிச்சார்?"

"என்னென்ன பக்கம் பாத்தோம்னு உள்ள ஒரு கணக்கு இருக்குமாமே. அதை."

"ஹிஸ்டரி," என்றான் மூட்டை. "எங்க வீட்டுல அது என் பொண்டாட்டி தலைக்குள்ள இருக்கு. எந்த மெக்கானிக் வந்தும் ஒண்ணும் பண்ண முடியல."

திரை வெளிச்சமானது. மருந்துக்கடைக்காரர் பிரவுசரைத் திறந்தார். மேலே வரிசையாகப் பக்கங்கள் விரிந்தன. மொத்த வியாபாரிக்கு ஆர்டர் போடும் பக்கம், மருந்து விலைகள், தடை செய்த மருந்துகள் பற்றிய அறிவிப்பு, கடையின் மெயில், ஐந்தாவதாக இன்னொன்று. ஊசி குனிவதற்குள் அவர் கை போய் அந்த ஐந்தாவதை மூடிவிட்டுத் திரும்பியது.

"என்ன அது?"

"எது?"

"இப்ப மூடினீங்களே."

"அதுவா. ஏதோ விளம்பரம். தினமும் வரும். வந்தா மூடிருவேன்."

அவர் கண் மொத்த வியாபாரியின் பக்கத்தில்தான் இருந்தது. கை மட்டும் போய் வந்தது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்துக் கூடையில் போடும் கை அது. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அது ஒருநாளும் பார்த்ததில்லை.

"தினமும் மூடுறீங்க. மெக்கானிக் எடுத்துவிடலையா?"

"வைரஸ் மாதிரி இருக்கு, எடுத்துடவான்னு கேட்டான். நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

மருந்துக்கடைக்காரர் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"பொண்ணு வச்சுட்டுப் போனது மேடம். போற அன்னைக்கு உக்காந்து என்னவோ பண்ணினா. 'அப்பா, இனிமே நீங்க எதையும் தேட வேண்டாம், காலையில திறந்தா எல்லாம் தானா வரும்'னா. நான் ஆளுங்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்துட்டிருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. அதான் மெக்கானிக்கிட்ட, அதுல கை வைக்காதே, அவ வச்சது அப்படியே இருக்கட்டும்னு சொன்னேன்."

மூட்டை வாயைத் திறந்தான். ஊசி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"பிரவுசரை மூடிட்டு மறுபடி திறங்க," என்றாள் அவள். "இந்தத் தடவை எதையும் மூடாதீங்க."

ஐந்து பக்கங்கள் மறுபடி வந்தன. ஊசி ஐந்தாவதைத் தொட்டாள்.

சாம்பல் நிறத்தில் தண்ணீர். இரும்புக் கம்பித் தடுப்பு, தகரக் கூரை, அதன் கீழே நீளமான பெஞ்சு, ஓரத்தில் ஒரு டிக்கெட் ஜன்னல். உயரத்திலிருந்து எடுத்த படம். முதலில் அசையவில்லை என்று நினைத்தாள். பிறகு ஒரு நாய் குறுக்கே நடந்துபோனது. ஒரு சின்னப் படகு கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. மூலையில் எழுத்து: படகுத்துறை, நேரலை. சத்தம் எதுவும் இல்லை.

"கடலுக்கு எதுக்கு சார் விளம்பரம்?" என்றான் மூட்டை. "அது எங்க போயிரப் போகுது."

ஊசி அமைப்புகளுக்குள் போனாள். பிரவுசர் திறக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஒரு கேள்வி இருந்தது. மூன்று பதில்கள். வெறும் பக்கம். போன தடவை விட்ட இடம். குறிப்பிட்ட பக்கங்கள். மூன்றாவதில் புள்ளி இருந்தது. அதன் கீழே ஐந்து முகவரிகள்.

"விட்ட இடம்னு இருந்தா, யாரோ பாத்துட்டு மூடாமப் போன மிச்சம்னு எடுத்துக்கலாம்," என்றாள். "இது அப்படி இல்ல. உங்க பொண்ணுதான் வச்சிருக்கா."

"இருங்க மேடம். பக்கத்துலயே ஒரு பட்டன் இருக்கு பாருங்க. இப்ப திறந்திருக்கறதை எல்லாம் அப்படியே எடுத்துக்கோன்னு. பொண்ணு அப்பாவுக்காக நாலு பக்கம் திறந்திருக்கு. கடலும் எங்கயோ ஓரமா திறந்து கிடந்திருக்கு. பட்டனை அமுக்கினதும் அதுவும் உள்ள வந்திருச்சு. ஆபீஸ் குரூப் போட்டோவுல பக்கத்துக் கடைக்காரர் நிக்கிற மாதிரி."

நல்ல கேள்விதான். மூட்டையின் கேள்விகள் பாதி நேரம் நல்ல கேள்விகளாக இருக்கும். மீதி நேரம் சாப்பாட்டைப் பற்றி இருக்கும்.

ஊசி அதே தளத்தின் முகப்பைத் தனியாகத் திறந்தாள். படகுக்கு எவ்வளவு கூட்டம் என்று பயணிகள் பார்த்துக்கொள்வதற்காக வைத்தது. பல கேமராக்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கறுப்புத் திரையில் ஒரு முக்கோணம் வந்து நின்றது. அதை அமுக்கினால்தான் படம் ஓடியது. மறுபடி ஐந்தாவது பக்கத்துக்கு வந்தாள். இங்கே முக்கோணம் இல்லை. நீளமான முகவரியைக் கடைசிவரை படித்தாள். வாலில் ஒரு சொல் கூடுதலாக ஒட்டியிருந்தது.

"இந்த வாலை அழிச்சா முக்கோணம் வருது. போட்டா தானா ஓடுது," என்றாள். "பட்டனை அமுக்கினா இந்த வால் முளைக்காது. யாராவது உக்காந்து தட்டணும்."

"எதுக்குத் தட்டணும்?"

"அப்பா எதையும் அமுக்கமாட்டார்னு அவளுக்குத் தெரிஞ்சதால."

மருந்துக்கடைக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படகு போய்விட்டது. தண்ணீர்தான் இருந்தது.

"அங்கதான் இருக்காளா மேடம்?"

"போய்ப் பாத்துட்டுச் சொல்றோம்."

"நானும் வரேன்." கோட்டைக் கழற்றப் போனவர் பாதியில் நின்றார். "இல்ல. அவ அம்மாகிட்ட ஆள் இருக்கணும். நான் இங்கயும் ஆஸ்பத்திரியிலயும்தான் இருப்பேன். எப்படியாவது ராத்திரிக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க. நான் திட்டமாட்டேன்னு சொல்லுங்க. திட்டவே மாட்டேன்."

காரில் மூட்டை உற்சாகமாக இருந்தான்.

"முடிஞ்சது மேடம். பொண்ணு முகவரி சொல்லாம முகவரி கொடுத்திருக்கு. அப்பாதான் தினமும் அதைக் குப்பையில போட்டிருக்கார். நேராப் போறோம், அக்கம்பக்கத்துல கேக்கறோம், கூட்டிட்டு வரோம். போற வழியில நல்ல ஹோட்டல் ஒண்ணு இருக்கு."

"முகவரி சொல்லணும்னா ஒரு துண்டுத் தாள் போதும்."

"தாளைத்தான் அவர் பாக்கமாட்டாரே."

"சரி. ஆனா படகுத்துறையோட சாதாரணப் பக்கத்தை வச்சிருக்கலாம். ஊர் இருக்கு, பேர் இருக்கு, எல்லாம் இருக்கு. அதை விட்டுட்டு நேரலையை ஏன் வச்சா? அதுவும் இத்தனை கேமராவுல பெஞ்சைக் காட்டுற கேமராவை."

"பெஞ்சு நல்லா இருந்துச்சு."

"மூட்டை, நேரலைன்னா என்ன?"

"அந்த நேரத்துல நடக்கிறது."

"எந்த நேரத்துல?"

மூட்டை கியர் மாற்றினான். "கடை திறக்கிற நேரத்துல," என்றான். பிறகு ஹோட்டல் வந்தது. அவன் வண்டியை நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டினான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. தகரக் கூரை படத்தில் தெரிந்ததைவிடத் துருப்பிடித்திருந்தது. எதிரே விளக்குக் கம்பம். அதன் உச்சியில் கேமரா, பறவை எச்சத்தோடு. டிக்கெட் ஜன்னலுக்குள் ஒரு பெண் டிக்கெட் கட்டுகளுக்கு ரப்பர் பேண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். ஊசி மகளின் போட்டோவை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இவளைப் பாத்திருக்கீங்களா?"

"அட, கம்பத்துப் பொண்ணு," என்றாள் டிக்கெட்காரி.

"கம்பத்துப் பொண்ணா?"

"நாங்க அப்படித்தான் சொல்லுவோம். அக்கரையில என்ஜின் பட்டறை இருக்கு, அங்க வேலை கத்துக்கிட்டிருந்துச்சு. காலையில படகு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துரும். வந்து அந்தப் பெஞ்சு முன்னாடி நின்னு கம்பத்தைப் பாத்து கை காட்டும். நான் மொதல்ல பயந்துட்டேன். நல்லாத்தானே இருக்கு, இதென்ன இப்படின்னு. ஒருநாள் கேட்டேன், யாருக்கும்மா காட்டுறேன்னு. எங்கப்பாவுக்குன்னுச்சு."

ரப்பர் பேண்டு ஒன்று அறுந்தது. அவள் வேறொன்று எடுத்தாள்.

"எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்பா தவறிட்டார் போலிருக்கு, மேல பாத்து காட்டுதுன்னு நினைச்சு, அப்புறம் நான் எதுவும் கேக்கல."

மூட்டை கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். ஊசி போட்டோவைப் பைக்குள் வைத்தாள். குரல் காதில் விழக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். கேமராவில் குரல் கிடையாது. மகள் அவர் பேச்சைத் தட்டவில்லை.

"தினமும் வருவாளா?" என்று கேட்டாள்.

"பட்டறை லீவு அன்னைக்கும் வரும். இங்கதான் பின்னாடி தெருவுல ரூம். நின்னு காட்டிட்டுப் போயிரும்."

"மழையில?"

"மழையிலயும்தான். குடையைப் பின்னால சாச்சுப் பிடிச்சுக்கும். முகமெல்லாம் நனையும். நல்லாப் பிடிச்சுக்கயேம்மான்னு நானே சொல்லியிருக்கேன்."

"இப்ப எங்க இருப்பா? பட்டறையிலயா?"

"இப்ப எங்க இருக்கு. அதுக்குத்தான் கப்பல்ல வேலை கிடைச்சிருச்சே. சரக்குக் கப்பல். என்ஜின் ரூம்ல. இன்னைக்குக் காலையில பெட்டி படுக்கையோட வந்துச்சு. இன்னைக்கு ரொம்ப நேரம் நின்னுச்சு. கூட்டிட்டுப் போக கப்பல்லேருந்து சின்னப் படகு வந்து காத்துக்கிட்டு இருந்துச்சு, அவங்க கத்துறாங்க, இது நிக்குது. அப்புறம் ஓடிப்போய் ஏறிக்கிச்சு."

ஊசி பெஞ்சைப் பார்த்தாள். காலையில் கடையில் அவள் குனிந்தபோது மருந்துக்கடைக்காரரின் கை போய்வந்தது. கை மூடிய பக்கத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள். மறுபடி திறந்தபோது படகு விலகிக்கொண்டிருந்தது. அதை மூன்று பேரும் பார்த்தார்கள். மூட்டை விளம்பரத்தைப் பற்றி ஏதோ சொன்னான்.

"கப்பல்?" என்றாள்.

"மதியத்துக்கு முன்னாடியே போயிருச்சு."

மூட்டை துறைமுக அலுவலகத்தை நோக்கி ஓடினான். அவன் ஓடி ஊசி பார்த்ததில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் திரும்பி வந்தபோது நடந்துதான் வந்தான். அதிலேயே பதில் தெரிந்தது.

"கப்பலைத் திருப்ப முடியாதாம். கம்பெனிக்குச் சொன்னா கம்பெனி கப்பலுக்குச் சொல்லுமாம், கப்பல்ல அந்தப் பொண்ணுக்குச் சொல்லுவாங்களாம். ரெண்டு மூணு நாளாகுமாம். எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்."

"கேமராவுல பதிவு இருக்கா? காலையில நின்னது?"

"அதையும் கேட்டேன். கூட்டம் பாக்கத்தான் வச்சாங்களாம். எதையும் சேத்து வைக்காது. பாத்தா பாத்ததுதான்."

அவன் சட்டை நனைந்திருந்தது. "இவ்வளவு நாள்ல ஒரு நாள் மேடம்," என்றான். "ஒரே ஒரு நாள் கை சும்மா இருந்திருக்கலாம்."

ஊசி போனை எடுத்தாள். முதல் மணியிலேயே மருந்துக்கடைக்காரர் எடுத்தார்.

"கிடைச்சாளா?"

அவள் சொன்னாள். முன்னும் பின்னும் எதுவும் சேர்க்காமல் நடந்ததை மட்டும் சொன்னாள். கேட்பவர் குறுக்கே பேசாததால் சீக்கிரம் முடிந்தது.

"தினமுமா?" என்றார் அவர் கடைசியில்.

"தினமும்."

"மழை பெய்ஞ்சப்ப?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். "அப்பவும்," என்றாள்.

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம். மவுஸின் சின்னச் சத்தம். கடையில் இருக்கிறார்.

"நீங்க தெரியுறீங்க," என்றார். "பெஞ்சுல உக்காந்திருக்கீங்க. பக்கத்துல தடியா ஒருத்தர்."

மூட்டை வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"முகம் தெரியுதா?" என்று கேட்டாள் ஊசி.

"இல்ல. ஆள் தெரியுது. முகம் தெரியல."

யாரோ கடையில் காய்ச்சல் மாத்திரை கேட்டார்கள். அப்புறம் வாங்க என்றார் அவர். அவர் ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் குரல் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

"மேடம். கொஞ்சம் எழுந்து நிக்கறீங்களா?"

நின்றாள்.

"நீங்களும் ஒல்லி," என்றார். "உயரமும் கிட்டத்தட்ட அதேதான்."

அவர் என்ன கேட்கப்போகிறார் என்பது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்து பயனில்லை.

"நாளைக்குக் காலையில அங்க நிக்க முடியுமா? ஆபரேஷனுக்கு முன்னாடி. மெக்கானிக்கை விட்டு இந்தப் பக்கத்தை என் போன்ல வரவச்சுக்கறேன். படுக்கையிலயே அவ அம்மாவுக்குக் காட்டுறேன். பொண்ணு அங்க இருக்கா, வேலையை விட்டு வர முடியல, உனக்குக் கை காட்டுறா பாருன்னு சொல்றேன். அவ கையெழுத்துப் போட்டுருவா."

"அது உங்க பொண்ணு இல்லையே."

"தெரியும்."

"கண் முழிச்சதும் கேப்பாங்க."

"கேக்கட்டும். முழிச்சா போதும்."

அவர் வற்புறுத்தவில்லை. "பாத்துக்கிட்டே இருக்கேன்," என்றார். போனை வைத்தாரா, அப்படியே மேஜையில் போட்டாரா என்று தெரியவில்லை.

"வேணாம் மேடம்," என்றான் மூட்டை, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "நம்மளைக் கூப்பிட்டது கண்டுபிடிக்க. நடிக்க இல்ல. இத்தனை வருஷமா பொய் சொல்றவனைப் பிடிச்சுக்கிட்டிருந்த ஆள் நீங்க."

"கண்டுபிடிச்சாச்சே. அதுல யாருக்கு என்ன ஆச்சு?"

மூட்டை தண்ணீரைப் பார்த்தான்.

"பின்னாடி தெருவுல ரூம் இருக்குமான்னு கேக்கறேன்," என்றான். "உங்களுக்கு ஒண்ணு. எனக்குக் கார் இருக்கு."

டிக்கெட் ஜன்னலில் பலகையைச் சாத்திக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். ஊசி போய் அதைத் தட்டினாள்.

"ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணு எந்தக் கையைக் காட்டும்?"

டிக்கெட்காரி யோசித்தாள். வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு இறக்கினாள். இடது கையைத் தூக்கி மெதுவாக அசைத்தாள்.

"இதுதான்," என்றாள். "வலது கையில எப்பவும் பை இருக்கும்."

ஊசி தன் பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.